சந்தேக மரணம் நிகழ்ந்த இடத்தை ஆராய்ந்து பதிவு செய்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

வீட்டிலோ வயலிலோ கிணற்றிலோ ஒருவர் இறந்து கிடக்கிறார் என்ற தகவல் காவல் நிலையத்துக்கு வந்ததிலிருந்து, அவருடைய உடல் பிரேதப் பரிசோதனை மேசையைச் சென்றடையும் வரை இடையில் இருப்பது சில மணி நேரம்தான். அந்த வழக்கில் பின்னால் நடக்கும் அனைத்தும், அந்தச் சில மணி நேரத்தில் என்ன பார்க்கப்பட்டது, என்ன எழுதப்பட்டது என்பதைப் பொறுத்தே அமையும். சாட்சியை மறுபடியும் விசாரிக்கலாம். புதைத்த உடலைக்கூடத் தோண்டியெடுத்துப் பரிசோதிக்கலாம். ஆனால் உடல் கிடந்த கிடையையும், கதவு எந்தப் பக்கம் தாழிடப்பட்டிருந்தது என்பதையும், தரையில் இருந்த ஈரம் எதுவரை பரவியிருந்தது என்பதையும், உடலைத் தூக்கிய பிறகு எவராலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

தற்கொலைச் செய்திகளில் வரும் 'தீராத வயிற்றுவலியால்' என்ற தொடரைத் தமிழ்நாட்டுச் செய்தித்தாள் படிப்பவர்கள் அனைவரும் அறிவர். இறந்தவருக்கு உண்மையாகவே வயிற்றுவலி இருந்திருக்கலாம். ஆயினும் காரணத்தை முதலில் முடிவு செய்துகொண்டு, அதற்குப் பொருந்துகிறவற்றை மட்டும் சம்பவ இடத்தில் பார்க்கும் பழக்கத்தை அந்தத் தொடர் எனக்கு எப்போதும் நினைவூட்டுகிறது. கண்டதை முதலில் எழுத வேண்டும், கருதுவதைப் பிறகு எழுத வேண்டும் என்ற ஒரே ஒழுங்கின் மீதுதான் இந்த வழிகாட்டி முழுவதும் நிற்கிறது. தமிழ்நாட்டு நடைமுறையை ஒட்டி, புதிதாகப் பொறுப்பேற்கும் உதவி ஆய்வாளர்களையும், சாட்சியாக அழைக்கப்படும் கிராம நிர்வாக அலுவலர்களையும், இளம் வழக்கறிஞர்களையும், தங்கள் வீட்டில் ஒரு மரணம் நேர்ந்து என்ன நடக்கிறது என்று புரியாமல் நிற்கும் குடும்பத்தாரையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

சட்டம் என்ன கேட்கிறது

1871-ஆம் ஆண்டின் கொரோனர் சட்டத்தின்படி சென்னை நகருக்கு இருந்த கொரோனர், அதாவது சந்தேக மரணங்களை விசாரிப்பதற்கென்றே இருந்த அதிகாரி, பதவி 1889-ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டுவிட்டது. இலங்கையில் திடீர் மரண விசாரணை அதிகாரி என்று தனியே ஒருவர் இருப்பதைப் போன்ற ஏற்பாடு இங்கே இல்லை. எனவே முதல் விசாரணைப் பொறுப்பு காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியின் மீதே விழுகிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194-ஆம் பிரிவு இதை வகுத்துச் சொல்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 174-ஆம் பிரிவாக இருந்ததால், இன்றும் பலர் '174 வழக்கு' என்றே சொல்கிறார்கள்.

தற்கொலை, பிறரால் கொல்லப்படுதல், விலங்கால் அல்லது இயந்திரத்தால் அல்லது விபத்தால் நேர்ந்த சாவு, வேறொருவர் குற்றம் புரிந்திருக்கலாம் என்ற நியாயமான சந்தேகத்தை எழுப்பும் சாவு ஆகியவற்றுள் எதைப் பற்றித் தகவல் வந்தாலும், அதிகாரி அதை உடனே நிர்வாக நடுவருக்குத் தெரிவிக்க வேண்டும். உடல் இருக்கும் இடத்துக்கு நேரில் செல்ல வேண்டும். அக்கம்பக்கத்தைச் சேர்ந்த மதிப்புள்ள இருவர் அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் முன்னிலையில் விசாரித்து, உடலில் காணப்படும் காயங்களையும் எலும்பு முறிவுகளையும் கன்றல்களையும் பிற குறிகளையும் விவரித்து, அவை எந்த விதத்தில், எந்தக் கருவியால் உண்டானவையாகத் தோன்றுகின்றன என்று அறிக்கை எழுத வேண்டும். அந்த அறிக்கை 24 மணி நேரத்துக்குள் மாவட்ட நடுவருக்கோ உட்கோட்ட நடுவருக்கோ அனுப்பப்பட வேண்டும் என்ற காலக்கெடு புதிய சட்டத்தில் சேர்க்கப்பட்டது.

மூன்று சூழ்நிலைகளில் நடைமுறை மாறுகிறது. திருமணமாகி ஏழு ஆண்டுகளுக்குள் ஒரு பெண் தற்கொலை செய்துகொண்டாலோ, சந்தேகத்துக்கு இடமான முறையில் இறந்தாலோ, நிர்வாக நடுவரின் விசாரணை தேவை. தமிழ்நாட்டில் இதை வருவாய்க் கோட்டாட்சியர் நடத்துகிறார். காவலில் இருந்தவர் இறந்தால் 196-ஆம் பிரிவின்படி நீதித்துறை நடுவரே விசாரிக்க வேண்டும்; தேசிய மனித உரிமைகள் ஆணையத்துக்கும் 24 மணி நேரத்துக்குள் தகவல் போக வேண்டும். இறந்தவர் பட்டியல் சாதியினராகவோ பழங்குடியினராகவோ இருந்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்துமானால், துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரியே புலனாய்வை மேற்கொள்ள வேண்டும். இவற்றுள் எதுவும் பொருந்துமா என்பதைச் சம்பவ இடத்துக்குக் கிளம்பும்போதே கேட்டறிய வேண்டும். உடலை எடுத்த பிறகு கோட்டாட்சியரை அழைத்தால் அவர் பார்ப்பதற்கு வெறும் தரைதான் மிஞ்சும்.

போய்ச் சேர்ந்ததும்

தகவல் வந்த நேரம், சொன்னவர் யார், அவர் சொன்ன சொற்கள், கிளம்பிய நேரம், சேர்ந்த நேரம் ஆகியவை குறிப்பேட்டின் முதல் வரிகள். அடுத்து உயிர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிறிதளவு ஐயம் இருந்தாலும் 108 ஊர்தியை அழைத்து முதலுதவிக்கு வழிவிடுவதே கடமை. தடயம் கலையுமே என்ற கவலை அதற்குப் பிறகுதான் வரலாம்.

உள்ளே செல்பவர்களின் உயிரும் அதே அளவு முக்கியம். வயல்வெளியில் மின்வேலி அருகே ஒருவர் கிடந்தால், மின்வாரியத்தார் வந்து இணைப்பைத் துண்டித்துவிட்டதை உறுதி செய்யும் வரை யாரும் நெருங்கக் கூடாது. கழிவுநீர்த் தொட்டிக்குள் ஒருவர் மயங்கிக் கிடப்பதைப் பார்த்து, காப்பாற்ற இறங்கிய அடுத்தவரும் அதற்கடுத்தவரும் இறந்த துயரம் நம் ஊர்களில் பலமுறை நடந்துவிட்டது. அங்கே தீயணைப்புத் துறையினர் உரிய சுவாசக் கருவியோடு வரும் வரை காத்திருக்க வேண்டும். அத்தகைய இடத்தில் பாதுகாப்புக் கவசம் ஏதேனும் இருந்ததா, வேலைக்கு அழைத்தவர் யார், தொட்டியின் மூடி எந்த நிலையில் இருந்தது என்பவற்றைத் தவறாமல் பதிய வேண்டும். கழிவுநீர்த் தொட்டி மரணங்களுக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 10 லட்சத்திலிருந்து 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியிருக்கிறது. அந்தக் குடும்பத்தின் உரிமையும் பொறுப்பானவரின் குற்றப் பொறுப்பும் இந்தச் சிறு குறிப்புகளில்தான் தொங்குகின்றன.

பிறகு எல்லையைக் கட்ட வேண்டும். உடல் கிடக்கும் அறையை மட்டும் அடைத்தால் போதாது. வந்த வழி, போன வழி, கொல்லைப்புறம், மாடிப்படி, வாகனம் நின்ற இடம் எல்லாம் எல்லைக்குள் வர வேண்டும். பெரிதாகக் கட்டிய எல்லையைப் பிறகு சுருக்கலாம். சிறிதாகக் கட்டியதை விரித்துப் பயனில்லை, அதற்குள் கூட்டம் மிதித்திருக்கும். உள்ளே போக ஒரே பாதையைத் தேர்ந்து, அதில் மட்டும் நடக்க வேண்டும். வாசலில் நிற்கும் காவலர் உள்ளே போனவர் பெயரையும் போன நேரத்தையும் வெளியே வந்த நேரத்தையும் எழுத வேண்டும். உயர் அதிகாரிகளுக்கும் இது பொருந்தும்.

அருகிலுள்ள கண்காணிப்புக் கேமராக்களின் பதிவைக் காப்பதும் இந்த முதல் மணி நேரத்து வேலையே. பல கருவிகள் சில நாட்களில் பழைய பதிவைத் தாமாகவே அழித்துவிடும். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு இறந்த வழக்கில், விசாரணை நடத்திய கோவில்பட்டி நீதித்துறை நடுவர், காவல் நிலையக் கேமராவின் வன்தட்டில் போதிய இடம் இருந்தும் அன்றாடம் பதிவு அழியும்படி அது அமைக்கப்பட்டிருந்ததை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு அனுப்பிய அறிக்கையில் குறிப்பிட்டிருந்தார். பதிவுக் கருவியின் கடிகாரம் காட்டும் நேரத்துக்கும் உண்மையான நேரத்துக்கும் உள்ள வேறுபாட்டையும் அங்கேயே எழுதி வைக்க வேண்டும்.

நாம் வருவதற்கு முன்னரே கலைந்தவை

வெளிநாட்டுப் பாடநூல்கள் தொடப்படாத சம்பவ இடத்தைக் கற்பனை செய்துகொண்டு எழுதப்பட்டவை. நம் வீடுகளில் அப்படி இருப்பது அரிது. உறவினர் கதறிக்கொண்டு உடலை மடியில் எடுத்துக் கிடத்தியிருப்பார்கள், முகத்தைத் துடைத்திருப்பார்கள், வாய் திறந்துகொள்ளாதபடி தாடையைச் சேர்த்துத் துணியால் கட்டி, கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டி, நெற்றியில் நாணயம் வைத்து, தலைமாட்டில் விளக்கேற்றியிருப்பார்கள். சில வீடுகளில் நாம் சேருவதற்குள் குளிர்பெட்டியும் வந்திருக்கும். இவை எதுவும் குற்றமல்ல. இறந்தவருக்குச் செய்யும் மரியாதை. ஆனால் தாடைக்கட்டு கழுத்தோரம் பதித்த தடம் காயமென்று கருதப்படலாம். பெருவிரல் கட்டுத் தடம் கால்களைக் கட்டிப்போட்டதாகப் படிக்கப்படலாம். குளிர்பெட்டியில் இருந்த நேரம் உடலின் வெப்பத்தையும் விறைப்பையும் அழுகலையும் மாற்றிவிடும்.

எனவே கோபப்படாமல், குற்றம் சாட்டும் தொனியில்லாமல், ஒவ்வொருவரிடமும் தனித்தனியே கேட்க வேண்டும். முதலில் பார்த்தது யார், அப்போது உடல் எப்படி இருந்தது, யார் தொட்டார்கள், எதைக் கழுவினார்கள், எந்தத் துணியை மாற்றினார்கள், பழைய துணி எங்கே, எத்தனை மணிக்குக் குளிர்பெட்டியில் வைத்தார்கள் என்று கேட்டால் பெரும்பாலோர் உண்மையைச் சொல்வார்கள். கதவை உடைத்துத் திறந்தார்கள் என்றால் உடைத்தவர் கையாலேயே உடைத்த இடத்தைக் காட்டச் சொல்ல வேண்டும். 108 ஊர்தியில் வந்தவர்கள் ஊசி குத்தியிருந்தாலோ, மார்பை அழுத்தி உயிர்மூட்ட முயன்றிருந்தாலோ, அதுவும் மருத்துவருக்கு எழுத்தில் தெரிய வேண்டும். மார்பை அழுத்தும்போது விலா எலும்பு முறிவது உண்டு.

படம், காணொளி, வரைபடம்

எதையும் நகர்த்துவதற்கு முன் படம் எடுக்க வேண்டும். தெருவிலிருந்து வீடு, வாசல், நடை, அறையின் நான்கு மூலைகளிலிருந்தும் எதிர் மூலையை நோக்கி, பிறகு உடலும் சுற்றுப்பொருள்களும் சேர்ந்து தெரியும் நடுத்தொலைவு, கடைசியாக நெருக்கம் என்ற வரிசை குலையக் கூடாது. வரிசையாக எடுத்த படங்களைப் பார்ப்பவர், அந்த வீட்டுக்குள் தானே நடந்து போனதைப் போல உணர்வார். நெருக்கப் படங்களை முதலில் அளவுகோல் இல்லாமலும், பிறகு அளவுகோல் வைத்தும், கேமராவைப் பொருளுக்கு நேர்செங்குத்தாகப் பிடித்தும் எடுக்க வேண்டும். சாய்த்து எடுத்த காலடித் தடத்தின் படத்தைக் கொண்டு ஒப்பிட முடியாது. கூரை, மின்விசிறி, கட்டிலுக்கு அடி, குப்பைக்கூடை, குளியலறை, அடுப்படி ஆகியவை அடிக்கடி விடுபடுகிற இடங்கள். உடலைத் தூக்கிய பிறகு அதன் அடியில் இருந்த தரையையும் எடுக்க வேண்டும்.

ஏழு ஆண்டுகளோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றங்களில் தடய அறிவியல் வல்லுநர் நேரில் வந்து தடயம் சேகரிப்பதையும் அதைக் காணொளியாகப் பதிவதையும் புதிய சட்டத்தின் 176-ஆம் பிரிவு கட்டாயமாக்குகிறது. இதை நடைமுறைக்குக் கொண்டுவர மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசம் தரப்பட்டுள்ளது. சோதனையையும் கைப்பற்றுதலையும், பட்டியல் எழுதிச் சாட்சிகள் கையொப்பமிடுவது உட்பட, ஒலி-ஒளிப் பதிவு செய்ய வேண்டும் என்பது 105-ஆம் பிரிவு. பதிவு நடக்கும்போது தேவையற்ற பேச்சும் ஊகமும் கூடாது. 'இது தற்கொலைதான் சார்' என்று பின்னணியில் ஒருவர் சொல்லும் குரல் நீதிமன்றத்தில் ஒலிக்கும். மூலக் கோப்பைத் திருத்தாமல் சேமித்து, கோப்பு மாற்றப்படவில்லை என்பதைக் காட்டும் அதன் ஹாஷ் மதிப்பைக் குறித்து, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழை இணைக்க வேண்டும். சொந்தக் கைப்பேசியில் எடுத்த படம் வாட்ஸ்அப் குழுவுக்குப் போவது இறந்தவருக்கும் அவர் பிள்ளைகளுக்கும் இழைக்கும் கொடுமை. அந்தப் பிள்ளைகள் அதே படத்தை ஒருநாள் தங்கள் கைப்பேசியில் பார்க்க நேர்கிறது.

படம் தூரத்தைச் சரியாகச் சொல்லாது. அதனால்தான் மாதிரி வரைபடம் வேண்டியிருக்கிறது. வடக்குத் திசைக் குறி, அளவிட்ட நேரம், வரைந்தவர் கையொப்பம் ஆகியவற்றோடு, ஒவ்வொரு முக்கியப் பொருளையும் நகராத இரண்டு புள்ளிகளிலிருந்து அளந்து குறிக்க வேண்டும். சுவர் மூலை, கதவு நிலை, மின்கம்பம், கிணற்றுத் தொடியின் தூண் ஆகியவை நகராதவை. கட்டிலும் நாற்காலியும் நிறுத்திய வண்டியும் நாளைக்கு அதே இடத்தில் இரா. சம்பவ இடத்தில் கண்டதைச் சாட்சிகள் முன்னிலையில் பதியும் ஆவணமான பார்வை மகஜரில் எழுதுவதும் வரைபடத்தில் உள்ளதும் படத்தில் தெரிவதும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். மகஜரில் 'வடகிழக்கு மூலை' என்றும் வரைபடத்தில் தென்கிழக்கு என்றும் வந்துவிட்டால், குறுக்கு விசாரணை அந்த ஓர் இடத்திலேயே நின்றுவிடும்.

உடலைப் பார்த்தல்

கையுறை அணிந்து, தலை முதல் கால் வரை, முன்புறம் முடித்துப் பின்புறம் என்ற ஒழுங்கோடு பார்க்க வேண்டும். பெண்ணின் உடலைப் பெண் காவலரும் பெண் சாட்சிகளும் உடனிருக்க, மறைப்புக்குள் பார்ப்பது இன்றியமையாத கண்ணியம்.

கிடந்த திசை, தலை எந்தப் பக்கம், கை கால்கள் மடங்கிய விதம், உடையின் நிலை, பொத்தான்கள், செருப்பு காலில் இருந்ததா என்பவை முதலில் வரும். அணிகலன்களை எழுதும்போது 'தங்கச் சங்கிலி' என்று எழுதாமல் 'மஞ்சள் நிற உலோகச் சங்கிலி' என்று எழுத வேண்டும், ஏனெனில் அது தங்கமா என்பது நமக்குத் தெரியாது. கண்டதையும் கருதியதையும் பிரிக்கும் பழக்கம் இப்படிச் சின்ன இடத்தில் பழகினால் பெரிய இடத்திலும் கைகொடுக்கும். இதே ஒழுங்கில், 'கத்திக்குத்துக் காயம்' என்று எழுதுவதற்குப் பதிலாக, 'இடது மார்புக் காம்புக்கு 4 செ.மீ. கீழே, ஓரங்கள் சீரான, 3 செ.மீ. நீளமுள்ள திறந்த காயம், அதைச் சுற்றி உறைந்த இரத்தம்' என்று எழுதினால், பிறகு மருத்துவர் என்ன சொன்னாலும் அறிக்கை பொய்க்காது. கருவி பற்றிய கருத்தைத் தனி வரியில், 'தோன்றுகிறது' என்ற சொல்லோடு சேர்க்கலாம். ஒவ்வொரு காயத்துக்கும் இடம், நீளம், அகலம், திசை, நிறம் ஆகிய ஐந்தும் வேண்டும். ஆழத்தைக் குச்சியோ விரலோ விட்டுப் பார்க்கவே கூடாது. அது மருத்துவர் வேலை.

கைகளுக்குத் தனிக் கவனம் தேவை. தடுக்கும்போது வெளிமுன்கையிலும் உள்ளங்கையிலும் விழும் வெட்டுகள், நகத்துக்கடியில் இருக்கக்கூடிய தோல், விரல்களுக்கிடையில் சிக்கிய முடி ஆகியவை போகும் வழியில் உதிர்ந்துவிடாமல், இரண்டு கைகளையும் காகித உறையால் மூடிக் கட்ட வேண்டும். பிளாஸ்டிக் உறை வியர்த்து எல்லாவற்றையும் கெடுத்துவிடும். காயம் இல்லாத இடங்களையும் 'கழுத்தில் காயம் காணப்படவில்லை' என்று எழுதுவது நல்லது. எழுதாமல் விட்டால், பார்க்கவில்லையா, பார்த்தும் இல்லையா என்பது தெரியாது.

இரத்தக் கறை உடலிலிருந்து எந்தத் திசையில் வழிந்திருக்கிறது என்பதும் பேசும். மல்லாந்து கிடக்கும் ஒருவரின் முகத்தில் இரத்தம் நெற்றியிலிருந்து மோவாய்க்கு நேராக வழிந்து காய்ந்திருந்தால், காயம்பட்டபோது அவர் நிமிர்ந்த நிலையில் இருந்திருக்கிறார் என்ற கேள்வியை அது எழுப்புகிறது.

இறந்த நேரத்தைக் குறிப்பதற்கான அவதானிப்புகள்

நேரத்தைக் கணித்துச் சொல்வது மருத்துவரின் பொறுப்பு. அதற்கு வேண்டிய அவதானிப்புகளை நேரத்தோடு எழுதிக் கொடுப்பது நம் பொறுப்பு. விறைப்பு கண்ணிமையிலும் கீழ்த்தாடையிலும் முதலில் தெரிந்து, ஏறக்குறைய 12 மணி நேரத்தில் உடல் முழுவதும் பரவுகிறது. வெயில் காலத்தில் சீக்கிரமே தோன்றிச் சீக்கிரமே விலகும். உடலின் கீழ்ப்புறத்தில் இரத்தம் தேங்கி உண்டாகும் கருஞ்சிவப்பு நிறம் முதல் இரண்டு மணி நேரத்துக்குள் கண்ணுக்குத் தெரியத் தொடங்கி, பொதுவாக 6 முதல் 12 மணி நேரத்தில் நிலைத்துவிடும். மல்லாந்து கிடப்பவரின் மார்பில் இந்த நிறம் நிலைத்திருந்தால், இறந்த பிறகு அவரை யாரோ புரட்டியிருக்கிறார்கள் என்பதே பொருள். வழக்கமான கருஞ்சிவப்புக்குப் பதிலாகச் செந்நிறம் பளிச்சென்று தெரிந்தால் அறையில் புகை நச்சு இருந்ததா என்று பார்க்க வேண்டும்.

உடல் மணிக்கு இத்தனை டிகிரி குளிரும் என்ற பாடநூல் கணக்கை மே மாதத்துச் சென்னையிலோ வேலூரிலோ அப்படியே போட்டால் தவறாகிவிடும். சுற்றுப்புறமே 40 டிகிரி செல்சியஸை எட்டும்போது 37 டிகிரி உடல் எங்கே குளிர்வது? எனவே அறை வெப்பத்தையும், மின்விசிறி ஓடியதா, குளிர்சாதனம் எத்தனை டிகிரியில் இருந்தது, சன்னல் திறந்திருந்ததா என்பவற்றையும் எழுத வேண்டும். வலது அடிவயிற்றில் தோன்றும் பச்சை நிறம் நம் கோடையில் 12 முதல் 18 மணி நேரத்திலேயே தெரிந்துவிடலாம். புழுக்கள் இருந்தால், இருப்பவற்றுள் பெரியவற்றைச் சேர்த்து, ஒரு பகுதியை வெந்நீரில் இட்டுப் பின் எத்தில் ஆல்கஹாலிலும், மறு பகுதியை உயிரோடும் அனுப்ப வேண்டும்.

வீடும் நேரம் சொல்லும். வாசலில் கோலம் அன்றையதா, பால் பாக்கெட் எடுக்கப்பட்டதா, களைந்த அரிசி உலையேறாமல் இருக்கிறதா, விளக்கு எரிந்துகொண்டிருந்ததா, கைப்பேசியில் பதில் பேசாத அழைப்புகள் எந்த மணியிலிருந்து சேர்ந்திருக்கின்றன என்று பாருங்கள். கைப்பேசியைத் திறந்து நோண்டாமல், திரையில் தெரிவதைப் படம் எடுத்து, வலையிணைப்பைத் துண்டித்து உறையிலிட வேண்டும்.

சில இடங்களுக்கு உரிய தனிக் கவனம்

தூக்கில் தொங்கிய நிலையில் காணப்பட்ட மரணத்தில் முடிச்சே முதன்மைத் தடயம். அதை அவிழ்க்கக் கூடாது. முடிச்சிலிருந்து தள்ளி வெட்டி, வெட்டிய இரண்டு முனைகளையும் நூலால் கட்டி அடையாளமிட வேண்டும். கழுத்தைச் சுற்றியுள்ளதைப் பிரேதப் பரிசோதனை மருத்துவர் பார்க்கும்படி அப்படியே விட வேண்டும். மேலே உத்தரத்திலோ கொக்கியிலோ தூசி கலைந்திருக்கிறதா, உராய்வின் தடம் உண்டா, வாயோரத்திலிருந்து எச்சில் வழிந்த கறை எந்தப் பக்கம் என்பவற்றையும் பதிய வேண்டும். கடிதம் இருந்தால் இரண்டு பக்கமும் படமெடுத்து, அதை எழுதிய நோட்டின் அடுத்தடுத்த தாள்களையும் அழுத்தத் தடத்துக்காகச் சேர்த்தெடுத்து, இறந்தவர் முன்பு இயல்பாக எழுதிய வேறு எழுத்துகளை ஒப்பீட்டுக்காகப் பெற வேண்டும்.

கிணற்று மரணம் நம் மாவட்டங்களில் மிகுதி. உடலை எடுக்க ஊரார் பாதாளக் கரண்டியை வீசியிருந்தால், அதன் கொக்கி கிழித்த காயம் தலையிலும் தோளிலும் இருக்கும். எந்தக் கருவியால், யார், எத்தனை முறை முயன்றார்கள் என்பது அறிக்கையில் வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் இறந்த பின் நேர்ந்த அந்தக் காயம் கொலைக்குச் சான்றாக நிற்கக்கூடும். தொடியோரத்துச் செருப்பு, கிணற்றுச் சுவரில் பாசி வழுக்கிய தடம், நீரின் ஆழம், படிகள் உள்ளனவா என்பவற்றோடு, அதே கிணற்றின் நீரைத் தூய பாட்டிலில் எடுத்து அனுப்ப வேண்டும். நீரிலுள்ள டயாட்டம் என்னும் நுண்பாசிகளை உடலில் கிடைப்பவற்றோடு ஒப்பிட அது தேவைப்படும்.

தீயில் கருகிய உடல் கைகளை மடக்கிக் குத்துச்சண்டைக்கு நிற்பவரைப் போலக் காணப்படுவது வெப்பத்தால் தசை சுருங்குவதன் விளைவு. அதைப் போராட்டத்தின் அறிகுறியாக எழுதிவிடக் கூடாது. உடலுக்கு அடியில் எரியாமல் எஞ்சிய துணியையும் தரைச் சாம்பலையும் காற்றுப் புகாத தகர டப்பாவில் அடைக்க வேண்டும். காகித உறையில் போட்டால் எண்ணெயின் ஆவி ஆய்வகம் போய்ச் சேராது.

தடயங்களை எடுத்தலும் கட்டலும்

எண்ணெய்த் தடயத்தைத் தவிர்த்து, உயிரியல் தடயங்கள் எல்லாவற்றுக்கும் விதி ஒன்றே: நிழலில் உலர்த்திக் காகிதத்தில் கட்டு. ஈரமான இரத்தத் துணியைப் பிளாஸ்டிக் பையில் இட்டால் பூஞ்சை பிடித்து மரபணுச் சோதனை வீணாகும். காய்ந்த கறையைத் தூய நீரில் நனைத்த பஞ்சுக் குச்சியால் தொட்டெடுத்து, கறையில்லாத பக்கத்து இடத்திலிருந்தும் ஒரு மாதிரி எடுக்க வேண்டும். ஒரு பொருளுக்கு ஓர் உறை, ஓர் எண். ஒவ்வொன்றுக்கும் கையுறை மாற்றம். அந்த எண் படத்திலும் வரைபடத்திலும் மகஜரிலும் ஒன்றாக இருக்க வேண்டும்.

முத்திரையிட்ட உறை யார் கையிலிருந்து யார் கைக்கு, எந்த நாளில், எந்த மணிக்குப் போனது என்ற சங்கிலி அறுந்தால், ஆய்வக முடிவு எவ்வளவு தெளிவாக இருந்தாலும் பயன் குறையும். நம் மாநிலத்துத் தடய அறிவியல் துறையின் வேர், 1849-இல் சென்னையில் அமைந்த வேதிப் பரிசோதகர் ஆய்வகம். அவ்வளவு நீண்ட மரபு உள்ள ஆய்வகத்துக்கு முத்திரை உடைந்த பொட்டலத்தை அனுப்புவது வருத்தத்துக்குரியது.

பிரேத விசாரணை அறிக்கை

தமிழ்நாட்டில் பிரேத விசாரணையில் உடனிருப்பவர்களைப் பஞ்சாயத்தார் என்கிறோம். அவர்கள் உடலைப் பார்க்காமல் கையொப்பமிடுவதுதான் நடைமுறையில் நான் மிகவும் அஞ்சும் குறை. ஒவ்வொருவரும் தாமே பார்த்து, தமக்குத் தோன்றியதைச் சொல்ல வேண்டும். 'பஞ்சாயத்தார்களின் ஏகோபித்த அபிப்பிராயம்' என்ற வழக்கமான வரி, உண்மையிலேயே அபிப்பிராயம் ஒன்றாக இருந்தால் மட்டும் வர வேண்டும். உடன்படுகிறவர்கள் மட்டும் கையொப்பமிட்டால் போதும் என்றுதான் சட்டமே சொல்கிறது. மாறுபட்ட கருத்தை எழுதுவதால் அறிக்கை பலவீனப்படாது.

இந்த அறிக்கை சாவின் தோற்றக் காரணத்தைச் சொல்வதற்கு மட்டுமே உரியது. யார் தாக்கினார், எப்படித் தாக்கினார் என்ற விவரங்கள் இதன் எல்லைக்கு அப்பாற்பட்டவை என்று 1975-ஆம் ஆண்டின் பெத்த நாராயணா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது. எனவே அதில் கதை எழுத வேண்டியதில்லை. எந்த இடத்தில், எந்த மணிக்குத் தொடங்கி எந்த மணிக்கு முடிந்தது, கடைசியாக உயிரோடு பார்த்தவர் யார், எப்போது, உடலை அடையாளம் காட்டியவர் யார் என்பவற்றோடு மேலே கண்ட விவரிப்பும் முழுமையாக இருந்தால் போதும். குடும்பத்தார் சந்தேகம் தெரிவித்தால் அவர்கள் சொற்களிலேயே எழுதி, படித்துக் காட்ட வேண்டும். சிலர் அழுகையின் நடுவே சொல்வதைப் 'புலம்பல்' என்று ஒதுக்கிவிட்டுப் பிறகு வருந்த நேர்கிறது.

பிரேதப் பரிசோதனைக்கான கோரிக்கைக் கடிதத்தில் 'இறப்பின் காரணம் அறிய' என்று ஒரே வரி எழுதி அனுப்பினால் மருத்துவர் கண்ணைக் கட்டிக்கொண்டு வேலை செய்ய வேண்டியிருக்கும். சம்பவச் சுருக்கம், படங்கள், பார்த்த காயங்கள், ஐயங்கள், குறிப்பாகப் பதில் வேண்டிய கேள்விகள் ஆகியவை இணைய வேண்டும். உடலோடு செல்லும் காவலர் மருத்துவரிடம் அதை அடையாளம் காட்டி, பரிசோதனை முடிந்ததும் உடைகளைப் பெற்று ஒப்படைக்க வேண்டும். வசதியுள்ள மருத்துவமனைகளில் சூரியன் மறைந்த பின்னும் பரிசோதனை செய்யலாம் என 2021 நவம்பரில் ஒன்றிய அரசு அனுமதித்தது. ஆயினும் கொலை, தற்கொலை, பாலியல் வன்முறை, அழுகிய உடல், சந்தேக மரணம் ஆகியவற்றுக்குச் சட்டம் ஒழுங்குத் தேவை எழுந்தாலன்றி அது பொருந்தாது. காத்திருக்க வேண்டிய காரணத்தைக் குடும்பத்தாருக்கு ஒருவர் உட்கார்ந்து சொல்லிவிட்டால் பிணவறை வாசலில் எழும் பாதிப் பூசல் எழாது.

உள்ளுறுப்பு ஆய்வு அறிக்கை வரும் வரை மருத்துவர் இறுதிக் கருத்தை ஒத்திவைத்திருந்தால், கோப்பையும் திறந்தே வைக்க வேண்டும். முடிவு வேறாக வந்தால் சட்டப்பிரிவை மாற்றி நீதிமன்றத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும்.

அடையாளம் தெரியாத உடல்

இங்கே குரல் கொடுக்க உறவினர் யாரும் இல்லை என்பதால் பொறுப்பு இரட்டிப்பாகிறது. முகத்தைத் துடைத்து எடுத்த படம், பத்து விரல் ரேகை, பச்சை குத்திய எழுத்து, தழும்பு, பல்லின் அமைப்பு, உடையில் உள்ள தையற்கடைச் சீட்டு அல்லது சலவைக் குறி ஆகியவற்றைப் பதிந்து, காணாமற்போனோர் பட்டியலோடு ஒப்பிட்டு, மரபணு ஆய்வுக்குப் பல்லும் எலும்பும் காத்து வைக்குமாறு மருத்துவரிடம் எழுத்தில் கேட்க வேண்டும். இத்தகைய உடலை எரிக்காமல் புதைக்க வேண்டும். மயானத்தில் எந்த வரிசையில், எந்த மரத்திலிருந்து எத்தனை அடி தூரத்தில் புதைக்கப்பட்டது என்பதை வரைந்து, வழக்கு எண் எழுதிய தகட்டை உடலோடும் ஒரு கல்லை மேலேயும் வைத்து, அந்த வரைபடத்தைக் கோப்பின் முதல் தாளாகச் சேர்க்க வேண்டும். ஆறு மாதம் கழித்து ஒரு மகள் பழைய புகைப்படத்தோடு காவல் நிலையத்துக்கு வந்து நின்றால், அவளை அந்த இடத்துக்கு அழைத்துச் செல்ல அந்தத் தாள் வேண்டும்.